நாயோடு முதல் நீண்ட பயணம்: எது கட்டாயம், எதை வீட்டிலேயே விட்டுவிடலாம்?

காரில் ஏழு மணி நேரப் பயணம், ஏரிக்கரையில் ஒரு வாரத்துக்கு வாடகை வீடு, 20 கிலோ எடையுள்ள மூன்று வயது நாய், அதற்கு இதுதான் முதல் வெளியூர். பக்கத்தில் போய்வரும்போதே எச்சில் ஒழுகி, ஒருமுறை வாந்தியும் எடுத்திருக்கிறது. என்னென்ன எடுத்துவைப்பது, மயக்க மருந்து கொடுக்கலாமா, அடுத்த ஆண்டு வெளிநாட்டுக்கு விமானத்தில் கூட்டிப்போவதென்றால் இப்போதே செய்யவேண்டியது ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கிருந்தோ எடுத்த நாற்பது பொருள் பட்டியலையும் சேர்த்து, "இத்தனையும் வேண்டுமா?" என்கிறீர்கள். நான் புரிந்துகொண்ட வரையில் உங்கள் கேள்வி இதுதான்: எதை மறந்தால் நாய்க்கு ஆபத்து, எதை மறந்தால் நமக்குக் கொஞ்சம் சிரமம், எது பையில் வெறுமனே இடத்தை அடைத்துக்கொள்ளும்?

கால்நடை மருத்துவம் படித்து, வருடக்கணக்காக நாய்களைப் பார்த்துவரும் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். பயணத்தில் நாய்களுக்கு நேரும் கேடுகளில் பெரும்பாலானவை நான்கே வகைக்குள் வந்துவிடும்: கைநழுவி ஓடிப்போவது, வயிறு கெடுவது, வெயிலில் உடம்பு சூடேறுவது, காயமும் கடியும். உங்கள் பட்டியலில் இந்த நான்கில் எதற்கும் உதவாத பொருளை யோசிக்காமல் அடித்துவிடலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் நாயைக் கையால் தொட்டுப் பார்க்காமல் எந்த மருந்துக்கும் அளவு சொல்லமாட்டேன். மருந்துகளின் பெயரைச் சொல்வதெல்லாம் உங்கள் மருத்துவரிடம் கேட்பதற்காகத்தான்.

ஓடிப்போவதிலிருந்து தொடங்குகிறேன். நான்கில் இதற்குத்தான் ஆட்கள் மிகக் குறைவாகத் தயாராகிறார்கள். தெரிந்த தெருவில் நாய் தப்பினால் மோப்பம் பிடித்து வீடு திரும்பும். தெரியாத ஊரில் திரும்பிவர அதற்கு வீடே கிடையாது. அதனால் கழுத்துப்பட்டை ஒன்று, மார்பையும் தோளையும் சுற்றி மாட்டும் ஹார்னஸ் ஒன்று, இரண்டும் வேண்டும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்று நுழைந்தால் தளர்வு. பயந்த நாய் முன்னால் இழுத்துத் தப்பிப்பது அரிது. சட்டென்று நின்று, தலையைத் தாழ்த்தி, உங்களைப் பார்த்தபடியே பின்னால் நகரும். அப்போது ஹார்னஸ் தோளைத் தாண்டி, காதைத் தாண்டி, சட்டை கழற்றுவதுபோல் உருவிக்கொண்டு வந்துவிடும். விலா எலும்புக்குப் பின்னால், இடுப்பு குறுகும் இடத்தில் மூன்றாவதாக ஒரு பட்டை உள்ள ஹார்னஸாக இருந்தால் இப்படி உருவ முடியாது. அது கிடைக்காவிட்டால், ஹார்னஸ் வளையத்தையும் கழுத்துப்பட்டை வளையத்தையும் ஒரு சிறு இணைப்பு வாரால் கோத்துவிடுங்கள். ஒன்று கழன்றாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்: நாய்க்கு எதிரே நின்று, லீஷை, அதாவது நாயைப் பிடிக்கும் வாரை, மெல்ல உங்கள் பக்கம் இழுத்து, அது பின்வாங்கும்போது ஹார்னஸ் எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள்.

லீஷ் இரண்டு எடுங்கள், ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளமுள்ள சாதாரணத் துணி லீஷ். ஒன்று கடிபடும், அல்லது கார் கதவில் மாட்டிக் கிழியும். ஏரிக்கரையில் அவிழ்த்துவிடத் தோன்றும், அதற்குப் பதிலாக 5 முதல் 10 மீட்டர் நீளக் கயிறு ஒன்று இருக்கட்டும். அதை ஹார்னஸில்தான் மாட்ட வேண்டும். நீளக் கயிற்றின் முடிவுவரை ஓடி நிற்கும் நாயின் கழுத்தில் விழும் இழுப்பு சாதாரணமானதல்ல. பொத்தானை அழுத்தினால் சுருளும் லீஷை வீட்டிலேயே வையுங்கள். கைப்பிடி நழுவித் தரையில் விழுந்தால் அந்தச் சத்தம் பின்னாலேயே துரத்தும், நாய் இன்னும் வேகமாக ஓடும்.

நாய் தப்பும் இடம் பெரும்பாலும் வழியில் நிறுத்தும் இடம்தான். எஞ்சினை நிறுத்தியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் கதவைத் திறப்பார்கள், மணிக்கணக்கில் அடைந்து கிடந்த நாய் காலிடுக்கில் நழுவிவிடும். யாராவது ஒருவர் உள்ளே இருந்தபடியே லீஷை மாட்டி, கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்த பிறகுதான் நாய் இருக்கும் பக்கத்துக் கதவு திறக்க வேண்டும். இந்த வரிசையைப் புறப்படும் முன்பே காரில் வருகிற எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், குழந்தைகளுக்கும் சேர்த்து.

கழுத்துப்பட்டையின் அடையாளத் தகட்டில், பயணத்தில் உங்கள் கையில் இருக்கப்போகும் கைபேசியின் எண் இருக்க வேண்டும். வீட்டு எண் மட்டும் இருந்தால், கண்டெடுத்தவர் பூட்டிய வீட்டுக்குத்தான் அழைப்பார். தோலுக்கடியில் மைக்ரோசிப் போட்டிருந்தால் நல்லது, ஆனால் அது இருக்குமிடம் காட்டும் கருவி அல்ல. அரிசி அளவுள்ள அந்தச் சிப்பில் 15 இலக்க எண் ஒன்றுதான் இருக்கிறது. ஸ்கேனரை அருகில் வைத்தால் அந்த எண் தெரியும், எண் பதிவாகியிருக்கும் தரவுத்தளத்தில் உங்கள் இப்போதைய கைபேசி எண் இருந்தால்தான் பயன். புறப்படும் முன் அந்தப் பதிவைத் திறந்து பாருங்கள். வீடு மாறியபோதோ எண் மாறியபோதோ அதைத் திருத்தாமல் விட்டவர்கள் ஏராளம். ஜிபிஎஸ் கருவி மாட்டுவதாக இருந்தால், அவற்றில் பெரும்பாலானவை செல்பேசி வலையமைப்பு வழியாகத்தான் இடத்தை அனுப்பும் என்பதை நினைவில் வையுங்கள். சிக்னல் இல்லாத ஏரிக்கரையில் அவற்றை நம்பியிருக்க முடியாது.

காருக்குள் நாயைக் கட்டாமல் விடக்கூடாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் பத்தில் ஒரு வினாடியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் 20 கிலோ நாய் ஏறக்குறைய 280 கிலோ எடைக்குச் சமமான விசையோடு முன்னால் வரும், அதன் பாதையில் உங்கள் தலையும் இருக்கலாம். கார் வார்ப்பட்டையில் மாட்டுவதற்கென்றே செய்து, மோதல் சோதனை நடத்திய ஹார்னஸ் அல்லது தளத்தில் இறுக்கிக் கட்டிய உறுதியான கூண்டு, இரண்டில் ஒன்று வேண்டும். நடைக்கான ஹார்னஸும் மோதலுக்கான ஹார்னஸும் ஒன்றல்ல. பொட்டலத்தின் மேல் "சோதிக்கப்பட்டது" என்று இருந்தால் போதாது, எத்தனை கிலோ வரை, எந்த வேகத்தில் என்று தயாரிப்பாளர் சொல்கிறாரா என்று பாருங்கள். கழுத்துப்பட்டையில் மட்டும் எதையும் மாட்டிக் காரில் கட்டாதீர்கள், மோதலில் கழுத்து முறியும். முன் இருக்கை வேண்டவே வேண்டாம், காற்றுப்பை விரியும் வேகம் நாய்க்கு ஆகாது. கூண்டு என்றால் உள்ளே ஹார்னஸையும் லீஷையும் கழற்றிவிடுங்கள், கம்பியில் சிக்கி இறுகும். அடையாளத் தகடுள்ள தட்டையான பட்டை மட்டும் இருக்கட்டும், தகடு தொங்காதபடி அதைப் பட்டையோடு சேர்த்து ஒட்டிவிடுங்கள். கூண்டின் காற்றுவழிப் பக்கத்தில் பெட்டிகளை அடுக்காதீர்கள். கனமான பெட்டி எதுவும் நாய் உட்கார்ந்திருக்கும் மட்டத்துக்கு மேலே இருக்கக்கூடாது.

அடுத்து வயிறு. நாய் இப்போது சாப்பிடும் அதே உணவு, அதே அளவு. புது ஊரில் புது உணவு தொடங்குவதுதான் ஊருக்குப் போன இடத்தில் வரும் பேதிக்கு எளிதில் தவிர்க்கக்கூடிய காரணம். உணவை மாற்றியே ஆகவேண்டும் என்றால் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் புதியதைக் கூட்ட வேண்டும். அதைப் பயண வாரத்தில் செய்யாதீர்கள். ஒரு வேளை உணவைத் தராசில் நிறுத்து, வேளைக்கு ஒரு சிறு பையாகக் கட்டிவிடுங்கள். ஏழு நாளுக்கு, நாளுக்கு இரண்டு வேளை என்றால் 14 பைகள். திரும்புவது தாமதமானால் என்று இன்னும் ஆறு பைகள். மூட்டையோடு தூக்கிப்போனால் வீட்டில் ஆளுக்கொரு கை அள்ளிப் போடுவார்கள், அளவு கைமீறும். வேளைப் பை என்றால் யார் போட்டாலும் அளவு ஒன்றுதான், காலையில் போட்டாயிற்றா என்ற குழப்பமும் இருக்காது. ஒரு நாள் உணவை முன் பையில் வையுங்கள், மற்றவை பின்னால். வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் உணவு மணிக்கணக்கில் கிடந்தால் கொழுப்பு கெட்டு வாடை அடிக்கும், போய்ச் சேர்ந்ததும் முதலில் அதை இறக்குங்கள். பச்சை இறைச்சி போடுபவராக இருந்தால், 4 டிகிரிக்குக் கீழே விடாமல் வைக்க வழியில்லாத பயணத்தில் அதைக் கொண்டுபோக வேண்டாம் என்பது என் கருத்து. அதற்கு மாற்று உணவைப் பல நாள் முன்பே பழக்கிவிட வேண்டும்.

தண்ணீருக்குக் கணக்கு எளிது. ஓய்வாக இருக்கும் நாய்க்கு ஒரு நாளைக்கு, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 50 முதல் 60 மில்லி. உங்கள் நாய்க்கு ஒரு லிட்டரிலிருந்து 1.2 லிட்டர். வெயிலும் மூச்சிரைப்பும் சேர்ந்தால் இது இரட்டிப்பாகலாம். ஆகவே பயண நாளுக்கு 2 லிட்டர், கைக்கு எட்டும் இடத்தில். ஒவ்வொரு நிறுத்தத்திலும் 100 முதல் 200 மில்லி ஊற்றினால் போதும். கிண்ணம் நிறைய ஊற்றி ஒரே மூச்சில் குடித்தால் அடுத்த வளைவில் வெளியே வந்துவிடும். இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். வீட்டுத் தண்ணீரையே ஒரு வாரத்துக்கும் கேன் கேனாகக் கொண்டுபோக வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். சுத்தமான குடிநீர் ஊருக்கு ஊர் மாறுவதால் மட்டுமே பேதி வருகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. நீங்கள் குடிக்கும் தண்ணீரையே அதற்கும் கொடுங்கள். தேங்கிய தண்ணீரை மட்டும் குடிக்க விடாதீர்கள். எலி முதலியவற்றின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸும், ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியும் அதில் இருக்கலாம். ஏரியில் பெயின்ட் கொட்டியதுபோல் பச்சைப் படலம் மிதந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கக்கூடும். அந்தப் பக்கம் குடிக்கவும் விடக்கூடாது, நீந்தவும் விடக்கூடாது. அதன் நஞ்சுக்கு மாற்றுமருந்து இல்லை, சில வகை சில மணி நேரத்திலேயே கொன்றுவிடும். ரோமத்தில் பட்டாலே நக்கி விழுங்கிவிடும் என்பதால் உடனே நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும்.

எச்சிலும் வாந்தியும் பற்றி. இங்கே முதலில் பார்க்கவேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. எச்சில் எப்போது தொடங்குகிறது? வண்டி ஓடத் தொடங்கி, பத்து இருபது நிமிடம் கழித்து, உதட்டை நக்கி, கொட்டாவி விட்டு, பிறகு ஒழுகினால் அது பெரும்பாலும் காதின் உட்பகுதிச் சமநிலை உறுப்பு கிளப்பும் குமட்டல். நிற்கும் காரில் ஏறியவுடனேயே, சாவி திருகும் முன்பே ஒழுகத் தொடங்கினால் அது பயம். சில நாய்களுக்கு முதலில் குமட்டல் வந்து, அந்த நினைவிலேயே காரைக் கண்டாலே பயம் வந்திருக்கும், அப்போது இரண்டையும் பார்க்க வேண்டும். குமட்டலுக்கு மாரோபிடன்ட் என்ற மாத்திரை நாய்களுக்கென்றே அனுமதி பெற்றது, நன்றாக வேலை செய்வதும் உறுதி. புறப்படுவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பு, ஒரு வாய் உணவோடு கொடுப்பார்கள். பயண வாந்திக்கான அளவும் சாதாரண வாந்திக்கான அளவும் வேறு வேறு, ஆகவே வீட்டில் பழைய மாத்திரை மிச்சமிருந்தால் அதையே போட்டுவிடாதீர்கள். புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். பக்கவாட்டு ஜன்னல் தெரியாதபடி முன்னோக்கி உட்காரவைத்து, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிக் காற்றோட்டம் விட்டால் பல நாய்களுக்குக் குறையும். இப்போதிருந்தே ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று ஓட்டி, வாந்திக்கு முன்பே நிறுத்தி இறக்கிவிடும் பழக்கம் பயத்துக்கு உதவும்.

மயக்க மருந்துக்கு என் பதில் வேண்டாம் என்பதே, அதிலும் பழைய வழக்கமான அசிப்ரோமசின் வேண்டாம். அது உடம்பைத் தளரவைக்கும், பயத்தைக் குறைப்பதில்லை. இரத்த அழுத்தத்தை இறக்கும், உடம்பு தன் வெப்பத்தைச் சமாளிப்பதையும் கெடுக்கும். பார்க்க அமைதியாக இருக்கும் நாய் உள்ளுக்குள் பயந்தபடியே அசைய முடியாமல் கிடக்கலாம். பயம் கடுமையாக இருந்தால் டிராசடோன், காபாபென்டின் போன்றவற்றை மருத்துவர்கள் கொடுப்பதுண்டு. எது கொடுத்தாலும் சில நாள் முன்பு வீட்டிலேயே ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிடுங்கள். நெடுஞ்சாலையில் முதல் தடவை கொடுத்து என்ன ஆகிறது என்று பார்க்கக்கூடாது. இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. நாயின் தாய்மணத்தை ஒத்த ஃபெரோமோன் தெளிப்பான் பற்றிய ஆய்வுகள் ஒத்த முடிவுக்கு வரவில்லை. லாவண்டர் மணம் காரில் நாய்களை அதிக நேரம் படுக்கவும் அமைதியாக இருக்கவும் வைத்தது என்று ஆய்வாளர் டெபோரா வெல்ஸ் 2006-இல் வெளியிட்டார், ஆனால் அது 32 நாய்களை வைத்துச் செய்த சிறிய ஆய்வு. அமைதிக்கென்று விற்கும் பிஸ்கட்டுகளும் இறுக்கமான சட்டைகளும் சில நாய்களுக்கு உதவுகின்றன, எந்த நாய்க்கு உதவும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஏற்கெனவே வைத்திருந்தால் எடுத்துப்போங்கள், இதற்காகப் புதிதாக வாங்கத் தேவையில்லை. எண்ணெய்களை நேராக ரோமத்தில் தடவாதீர்கள், டீ ட்ரீ எண்ணெய் நாய்களுக்கு நஞ்சு.

இவை எல்லாவற்றையும்விட எளிமையானது, நாய் தினம் படுக்கும் போர்வை. துவைக்காமல் அப்படியே எடுங்கள். புதுப் படுக்கை வாங்குகிறவர்கள் நாய்க்குத் தெரிந்த ஒரே வாசனையை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள். பெரிய போர்வையாக இருந்தால், அடிபட்டு நடக்க முடியாத நாயை இருவர் தூக்க அதுவே ஸ்ட்ரெச்சராகவும் ஆகும். புதிய ஊரில் முதல் ஓரிரு நாள் பேதி வந்து, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி, சளிபோல் போகிறது, ஆனால் நாய் சுறுசுறுப்பாகச் சாப்பிடுகிறது என்றால் பெரும்பாலும் அது மனஅழுத்தத்தால் பெருங்குடல் எரிச்சலடைவது, தானே அடங்கும். வாந்தியும் சேர்ந்தால், சோர்ந்து படுத்தால், இரத்தம் அதிகமாகப் போனால் காத்திருக்காதீர்கள். மலப் பைகளை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு எடுப்பதும் இதற்காகத்தான். வீட்டுக்குள் அசுத்தம் செய்துவிட்டால் நொதி கலந்த துப்புரவுத் திரவம் வேண்டும். அம்மோனியா உள்ளதைப் போட்டால் சிறுநீர் வாடையைப் போலவே இருக்கும், அதே இடத்துக்குத் திரும்பிவரும்.

வெயில். வெளியே 24 டிகிரி இருக்கும் இதமான நாளில்கூட, மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் 34 டிகிரியும், அரை மணியில் 43 டிகிரியும் ஆகிவிடும். ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கிவைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே வழியில் சாப்பிட இறங்கும்போது ஒருவர் நாயோடு வெளியே நிற்பதற்குத் திட்டமிடுங்கள், ஆள் இல்லையென்றால் உணவைக் கட்டி எடுத்துக்கொண்டு போங்கள். பையில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றும் வழவழப்புக்கு வாசலினும் இருக்கட்டும், ஆசனவாயில் வைத்துப் பார்ப்பதற்கு. நாயின் இயல்பான வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி. அடங்காமல் இரைத்து, நாக்கு அடர் சிவப்பாகி, தள்ளாடினால் தெர்மாமீட்டரைத் தேடிக்கொண்டிருக்காமல் குளிர்விக்கத் தொடங்குங்கள். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிற வேண்டும். குளிர்ந்த தண்ணீர் ஆகாது, வெதுவெதுப்பானதே ஊற்ற வேண்டும் என்ற பழைய அறிவுரையை இப்போது கைவிட்டுவிட்டார்கள். நாயின் உடம்பைவிடக் குளிர்ந்த எந்தத் தண்ணீரும் நல்லதே. ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் அதுவே சூடாகி வெப்பத்தை உள்ளே அடைக்கும். 39.5-க்கு வந்ததும் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு. முதலில் குளிர்விப்பது, பிறகுதான் ஓட்டுவது. சாலைச் சூட்டுக்குப் புறங்கையைத் தாரில் ஏழு வினாடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. நாய்க் காலணி இப்போது வாங்கிப் பயனில்லை, பழகவே வாரங்கள் ஆகும்.

முதலுதவிப் பைக்கு வருகிறேன். கடையில் கட்டிவரும் பையைவிட நீங்களே சேர்ப்பது நல்லது, எது எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும். ஒட்டாத காஸ் துண்டுகள், பஞ்சுச் சுருள், தன்னோடு தானே ஒட்டும் கட்டுத்துணிச் சுருள், மருத்துவ டேப், நுனி மழுங்கிய கத்தரி, கூர்நுனிக் குறடு, கையுறை. 0.9 சதவீத உப்புநீர், குறைந்தது 250 மில்லி, கண்ணுக்கும் காயத்துக்கும். ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்ச், அந்த உப்புநீரைப் பீய்ச்சிக் காயத்தைக் கழுவ. ஹைட்ரஜன் பெராக்சைடைக் காயத்தில் ஊற்றாதீர்கள், அது ஆறும் திசுவையும் சேர்த்து எரிக்கும். பாதத்தில் வெட்டுப்பட்டால் ஒட்டுக்கட்டு போடும்போது எல்லோரும் செய்யும் தவறு, இழுத்துச் சுற்றுவது. சுருளிலிருந்து ஓர் அடி அவிழ்த்து, இறுக்கம் போகவிட்டு, பிறகு சுற்றுங்கள். நடு இரண்டு விரல்களின் நுனி வெளியே தெரியட்டும். ஒரு மணி கழித்துப் பார்க்கும்போது அந்த இரண்டு நகங்களும் ஒன்றையொன்று விட்டு விலகியிருந்தால் பாதம் வீங்குகிறது, உடனே அவிழ்த்துவிடுங்கள். நனைந்த கட்டையும் அப்படியே விடக்கூடாது.

வாய்க்கட்டு ஒன்றும் அதே பையில். எவ்வளவு சாதுவான நாயும் வலியில் கடிக்கும். முன்பே போட்டுப் பழக்கியிருங்கள். வாந்தி எடுக்கும்போதும் மூச்சுத் திணறும்போதும் மட்டும் போடக்கூடாது. வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் எடுத்து இதில் போடாதீர்கள். ஐபுப்ரோஃபென், நாப்ராக்ஸென் இரண்டும் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாழாக்கும், பாராசிட்டமாலும் மருத்துவர் சொல்லாமல் கூடாது. உங்கள் கைப்பையில் சர்க்கரையில்லாத சூயிங்கம் இருந்தால் அதில் சைலிடால் என்ற இனிப்பூட்டி இருக்கலாம், ஒன்றிரண்டே நாயின் இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். பயணத்தில் கைப்பைகள் நாய்க்கு எட்டும் உயரத்தில் கிடக்கும். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சைக்கும் இதே எச்சரிக்கை.

ஏரிக்கரை என்பதால் உண்ணி நிச்சயம். உண்ணித் தடுப்பு மருந்தைப் போய்ச் சேர்ந்த பிறகு கொடுக்காமல் புறப்படும் முன்பே கொடுத்துவிட வேண்டும். வலிப்பு வந்த நாயாக இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், மாத்திரையாகத் தரும் ஐசாக்சஸோலின் வகைக்கு 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. தினமும் மாலையில் விரலால் தடவிப் பாருங்கள்: விரலிடுக்கு, காதுக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குள், தொடையிடுக்கு. கிடைத்தால் குறட்டால் தோலை ஒட்டிப் பிடித்து, நிதானமாக நேராக இழுங்கள். நெருப்பும் எண்ணெயும் வேண்டாம், உண்ணி தன் வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள்ளேயே கக்கலாம். லெப்டோஸ்பைரோசிஸ் தடுப்பூசி இதுவரை போடவில்லை என்றால், முதல் முறைக்கு இரண்டு தவணை, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் வேண்டும். கடைசி வாரத்தில் நினைத்தால் நேரம் போதாது.

தினசரி மருந்து சாப்பிடும் நாய் என்றால் மருந்தை அதன் சொந்தக் குப்பியிலேயே, சீட்டின் நகலோடு எடுத்து, இரண்டு பையில் பாதி பாதியாகப் பிரியுங்கள். வலிப்பு மாத்திரை ஒரு நாள் விட்டுப்போனாலே வலிப்பு வரலாம். உங்கள் நாய்க்கு இது இல்லை என்றாலும் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும் என்பதால் இன்னொன்று: இன்சுலின் போடுபவர்கள் ஊசியையும் வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும். நாய்களுக்கான சில இன்சுலின்கள் ஒரு மில்லியில் 40 அலகு, மனிதர்களுக்கானது வழக்கமாக 100 அலகு. 40 அலகு மருந்தை 100 அலகு ஊசியில் அதே கோட்டுக்கு இழுத்தால் உள்ளே போவது ஐந்தில் இரண்டு பங்குதான்.

காகிதங்கள் குறைவுதான். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று, தடுப்பூசிப் புத்தகம், சிப் எண், நாயின் பக்கவாட்டுத் தோற்றம் தெரியும் படம், நீங்களும் நாயும் சேர்ந்திருக்கும் படம் ஒன்று. உரிமையைக் காட்டவேண்டி வந்தால் அது உதவும். போகும் இடத்தில் இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையின் எண்ணும், எத்தனை தூரம் என்பதும். புறப்படும் முன் ஒருமுறை அழைத்துக் கேளுங்கள், வலைத்தளத்தில் போட்டிருக்கும் நேரம் எப்போதும் சரியாக இருப்பதில்லை. எல்லாவற்றையும் காகிதத்திலும் வையுங்கள், கைபேசியிலும் வையுங்கள்.

இனி உங்கள் பட்டியலிலிருந்து நான் அடிப்பவை: புதுப் பொம்மைகள், மெல்லும் எலும்பு, மூன்று கிண்ணங்கள், சட்டை, மழைக்கோட்டு, வாசனைத் தெளிப்பு, ஷாம்பு. மெல்லும் எலும்பைக் காரில் கொடுக்கவே கூடாது, தொண்டையில் சிக்கினால் ஓட்டுபவருக்குத் தெரியாது. கிண்ணம் இரண்டு போதும், பழைய பொம்மை ஒன்று போதும். துண்டு மட்டும் மூன்றாக்குங்கள். நாய் படகில் ஏறும் எண்ணம் இருந்தால் முதுகில் கைப்பிடி உள்ள மிதவைச் சட்டையைச் சேருங்கள், தண்ணீரிலிருந்து தூக்க அந்தக் கைப்பிடிதான் உதவும். லீஷ், தண்ணீர், ஒரு நாள் உணவு, முதலுதவி, மலப் பை, ஒரு துண்டு, காகிதங்கள், இவ்வளவும் தனிப்பையில் ஓட்டுபவருக்குப் பக்கத்தில் இருப்பவரின் காலடியில். மற்றவை பின்னால் எங்கே இருந்தாலும் சரி.

அடுத்த ஆண்டு விமானத்துக்கு: கூண்டை இப்போதே அளந்து வாங்கி, வீட்டில் அதற்குள் தூங்கப் பழக்குங்கள், இதற்கு மாதங்கள் தேவை. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் கணக்குப்படி, மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை உள்ள நீளத்தோடு, தரையிலிருந்து முழங்கை வரை உள்ள உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். தோளின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு அகலம். நிற்கும்போது தலையோ காது நுனியோ எது உயரமோ, அதோடு விரிப்பின் தடிமனைச் சேர்த்தால் உயரம். தட்டை மூக்கு இனங்களுக்குப் பத்து சதவீதம் கூடுதல், அவற்றைச் சரக்குப் பகுதியில் அனுப்புவதே ஆபத்து என்று பல நிறுவனங்கள் மறுக்கின்றன. வெளிநாட்டுக்கு என்றால் நாட்கணக்கு முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு முதலில் சிப், அதன் பிறகு, 12 வாரம் நிறைந்த நாய்க்கு வெறிநாய்க்கடி ஊசி, முதல் ஊசி என்றால் அதற்குப் பின் 21 நாள் காத்திருப்பு. ஊசியை முதலில் போட்டுச் சிப்பைப் பிறகு வைத்தால் அந்த ஊசி கணக்கில் வராது, மறுபடி போட வேண்டும். அவர்கள் பட்டியலில் இல்லாத நாட்டிலிருந்து போனால், ஊசி போட்டு 30 நாளாவது கழித்து இரத்தம் எடுத்து, எதிர்ப்பொருள் அளவு ஒரு மில்லிக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும், இரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஜப்பானுக்கு அந்தக் காத்திருப்பு 180 நாள். அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் ஆறு மாத வயது, சிப், முன்கூட்டிய இணையப் படிவம் மூன்றையும் கேட்கிறது. விதிகள் மாறும் என்பதால் போகும் நாட்டின் அரசுப் பக்கத்தையும் விமான நிறுவனத்தின் எழுத்துமூலப் பதிலையும் மட்டும் நம்புங்கள். எந்த நாடு என்று முடிவாகவில்லை என்றாலும், இந்தப் பயணத்துக்கு முன் மருத்துவரைப் பார்க்கும் அதே நாளில் சிப்பை ஸ்கேனர் வைத்துப் படித்துப் பார்க்கச் சொல்லி, அந்த எண்ணையும் தேதியையும் தடுப்பூசிப் புத்தகத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.